ஹெட்லைட் போட்டால் மீட்டர் மங்குகிறது, இரண்டு முள்ளும் ஏறுகிறது: கோளாறு எங்கே?

பழையவண்டி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 30 வயதைத் தாண்டிய பெட்ரோல் கார். என்ஜினில் ஒரு குறையும் இல்லை. தொல்லை எல்லாம் டாஷ்போர்டு மீட்டரில்தான்.

பகலில் ஒன்றும் தெரியாது. இரவில் ஹெட்லைட்டைப் போட்டதும் மீட்டருக்குள் இருக்கும் வெளிச்சம் மங்கிவிடுகிறது. இண்டிகேட்டர் போட்டால் அது துடிக்கிற ஒவ்வொரு தடவையும் மீட்டர் வெளிச்சமும் கூடிக் குறைகிறது. அதைவிடப் பயமாக இருப்பது டெம்பரேச்சர் முள். ஹெட்லைட் போட்ட நொடியில் பாதியிலிருந்து முக்கால் பங்குக்கு ஏறுகிறது, அணைத்தால் இறங்கிவிடுகிறது. பெட்ரோல் முள்ளும் கூடவே கொஞ்சம் ஏறுகிறது. பேட்டரி விளக்கு வேறு, இருட்டில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

இதுவரை பல்புகள் அனைத்தையும் மாற்றிவிட்டேன். ஃபியூஸ், டெம்பரேச்சர் சென்சார் இரண்டும் புதிது. கடைசியில் வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய முழு மீட்டரையே வாங்கிப் பொருத்தினேன். அதுவும் அப்படியேதான் நடந்துகொள்கிறது. இப்போது ஆல்டர்னேட்டரை (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றுவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

நெடுஞ்சாலை

பேட்டரி விளக்கு எரிகிறது என்றால் முதலில் சார்ஜிங்கைப் பாருங்கள். என்ஜின் ஓடும்போது பேட்டரியின் இரண்டு முனைகளிலும் மல்டிமீட்டரை (வோல்ட், ஓம் அளக்கும் கருவி) வையுங்கள். 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. ஹெட்லைட் போட்டும் பாருங்கள். 13-க்குக் கீழே போனால் சொல்லுங்கள்.

பழையவண்டி

பார்த்தேன். ஐட்லிங்கில் 14.2. ஹெட்லைட் போட்டால் 14.1. இது சரிதானே?

கறுப்புஒயர்

சரிதான். ஆல்டர்னேட்டரை விட்டுவிடுங்கள். நீங்கள் எழுதியதிலேயே பதில் இருக்கிறது: இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறுகின்றன. டெம்பரேச்சர் சென்சார் என்ஜினில் இருக்கிறது, பெட்ரோல் மிதவை டேங்கில் இருக்கிறது. இரண்டும் ஒரே நொடியில் கெட்டு, ஹெட்லைட்டை அணைத்ததும் ஒரே நொடியில் சரியாகுமா? இரண்டுக்கும் பொதுவாக இருப்பது மீட்டரின் சப்ளையும் எர்த்தும்தான். சப்ளை குறைந்தால் முள் ஏறாது. மீட்டரையே மாற்றியும் குணம் மாறவில்லை என்றால் கோளாறு மீட்டருக்குள் இல்லை. உங்கள் மீட்டரின் எர்த் கெட்டிருக்கிறது.

எர்த் என்றால் கரண்ட் போய் மறைந்துவிடுகிற இடம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒயர் வழியாக விளக்குக்குப் போன கரண்ட் முழுவதும், ஒரு துளி குறையாமல், வண்டியின் உடம்பு வழியாக நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும். போகிற வழிக்கு ஒயர், ஃபியூஸ், ஸ்விட்ச் என்று அத்தனை கவனம் கொடுக்கிறோம். திரும்பி வருகிற வழிக்கு ஒரு போல்ட், ஒரு வாஷர். அந்த போல்ட்டின் அடியில் துருவோ களிம்போ பெயிண்டோ வந்துவிட்டால் அங்கே ஒரு தடை உண்டாகிறது.

ஹெட்லைட் லோ பீம் ஒன்றுக்கு 55 வாட். இரண்டுக்கும் சேர்த்து ஏறக்குறைய 9 ஆம்பியர். அந்த போல்ட்டில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், 0.9 வோல்ட் அங்கேயே விழுந்துவிடும். அதே போல்ட்டில் மீட்டரின் எர்த்தும் சேர்ந்திருந்தால், மீட்டரின் ‘பூஜ்யம்’ 0.9 வோல்ட் உயர்ந்துவிடும். மீட்டர் பல்புக்கு அவ்வளவு வோல்ட் குறைகிறது. இழை பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும், அதனால்தான் கண்ணுக்கு அப்படி மங்கித் தெரிகிறது. முள் ஏறுவதும் இதனால்தான். மீட்டர் ஒரு பூஜ்யத்திலிருந்து அளக்கிறது, என்ஜினில் இருக்கும் சென்சார் வேறொரு பூஜ்யத்தில் நிற்கிறது.

இண்டிகேட்டரும் அதே போல்ட்டில் இருக்கும் என்று நினைக்கிறேன். முன் பல்ப் 21 வாட், துடிக்கும்போதெல்லாம் இன்னும் ஒன்றரை ஆம்பியருக்கு மேல் அங்கே சேர்கிறது.

பழையவண்டி

இப்போதுதான் படம் தெளிவாகிறது, மிக்க நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். எர்த்தை நான் முன்பே சோதித்திருக்கிறேன். மீட்டரின் கப்ளரில் (ஒயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்பு) கறுப்பு ஒயரிலும் பாடியிலும் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பார்த்தேன், 0.3 காட்டியது. எலக்ட்ரீஷியனும் “எர்த் நன்றாக இருக்கிறது” என்றார்.

கறுப்புஒயர்

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் வழி தவறுகிறார்கள். நானும் தொடக்கத்தில் மாதக்கணக்கில் இதில் சிக்கியிருக்கிறேன், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அப்போதே 0.2 காட்டும். அது அந்த முனைகளின் சொந்தத் தடை. நீங்கள் தேடுகிற 0.1 ஓமை சாதாரண மல்டிமீட்டரால் நம்பும்படி பிரித்துக் காட்ட முடியாது. இன்னொன்று, ஓமில் அளக்கும்போது மல்டிமீட்டர் அனுப்புவது மிகச் சிறிய கரண்ட். 20 இழை உள்ள ஒயரில் 19 அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் நன்றாகவே காட்டும். அந்த ஒற்றை இழையில் 9 ஆம்பியர் ஓடச் சொன்னால்தான் அதன் உண்மை தெரியும்.

அதனால் எர்த்தை எப்போதும் சுமையோடு, வோல்ட்டில் அளக்க வேண்டும்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில். கவனியுங்கள், அதன்மேல் இருக்கும் கிளாம்பில் இல்லை, ஈயக் கம்பத்திலேயே. கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவில் கோளாறு இருந்தால் அதுவும் பிடிபடட்டும். இன்னொரு முனைக்கு நீளமான ஒயர் ஒன்றைச் சேர்த்து, மீட்டரின் எர்த் ஒயர் கப்ளருக்குள் நுழைகிற இடத்தில் தொடுங்கள். எல்லாம் அணைந்திருக்கும்போது ஒரு எண், பார்க் லைட்டில் ஒன்று, ஹெட்லைட்டில் ஒன்று, ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும் சேர்ந்து ஒன்று. நல்ல எர்த்தில் 0.1 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. 0.2-ஐ நான் பொறுத்துக்கொள்வேன். 0.5-க்கு மேல் என்றால் அங்கே கோளாறு உறுதி.

எண்களோடு வாருங்கள். அதுவரை எதையும் வாங்காதீர்கள், கழற்றாதீர்கள்.

மஞ்சள்விளக்கு

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், கறுப்புஒயர் அண்ணா சொல்வது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு என் வேனில் நடந்தது. செல்ஃப் எடுக்கும்போதெல்லாம் மந்தமாகச் சுற்றும். கிளட்ச் மிதி நாளுக்கு நாள் கடினமானது. ஒருநாள் செல்ஃப் எடுத்துக்கொண்டே இருந்தபோது ஏதோ பிளாஸ்டிக் தீய்கிற வாடை. திறந்து கிளட்ச் கேபிளைத் தொட்டால் கை சுடுகிறது!

என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் பின்னல் பட்டை எர்த் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட ஆம்பியருக்குத் திரும்பி வர வழி இல்லாமல், என்ஜினையும் பாடியையும் இணைத்த ஒரே உலோகமான கிளட்ச் கேபிள் வழியாக வந்திருக்கிறது. கேபிளின் உள்ளுறை உருகி ஒட்டியதால்தான் மிதி கடினமானது. நான் கிளட்ச் பிளேட் என்று நினைத்துச் செலவழித்ததை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் அந்தப் பட்டையை ஒரு தடவை குனிந்து பார்த்துவிடுங்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிளிலும் இப்படி நடக்கும்.

கறுப்புஒயர்

ரொம்ப முக்கியமான பதிவு. பழையவண்டி, இதையும் அளந்துவிடுங்கள்: ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், இன்னொன்று என்ஜின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில். யாரையாவது செல்ஃப் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். 0.3-க்குள் இருக்க வேண்டும்.

சின்னவண்டி

என் வண்டியில் வேறு மாதிரி. லைட் எல்லாம் அணைந்திருக்கும்போது பிரேக்கை மிதித்தால் மீட்டர் வெளிச்சம் மங்கலாக எரிகிறது. இதுவும் எர்த்தா?

கறுப்புஒயர்

ஆமாம், ஆனால் உங்கள் வண்டியில் பின் விளக்கின் எர்த். பின் விளக்கில் ஒரே பல்புக்குள் இரண்டு இழை இருக்கும், பிரேக்குக்கு 21 வாட், பார்க்குக்கு 5 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அந்த எர்த் விட்டுப்போனால் பிரேக் கரண்ட் 21 வாட் இழையைக் கடந்து, வெளியேற வழி இல்லாமல் 5 வாட் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து பார்க் லைட் ஒயரில் ஏறிவிடுகிறது. பார்க் லைட்டும் மீட்டர் வெளிச்சமும் பெரும்பாலான வண்டிகளில் ஒரே வரிசையில்தான் இருக்கின்றன. அணைந்து குளிர்ந்திருக்கும் பல்பின் தடை மிகவும் குறைவு என்பதால் அவற்றின் வழியாகவே கரண்ட் எர்த் தேடிப் போகிறது, போகிற வழியில் உங்கள் மீட்டர் விளக்கை எரியவிடுகிறது.

பேட்டரி நெகட்டிவிலிருந்து ஒரு நீள ஒயர் இழுத்து ஒவ்வொரு பின் விளக்கின் எர்த்திலும் தொட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் தொட்டதும் சரியாகிறதோ அந்தப் பக்கம்தான். இதைத் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் பிரேக் விளக்கு ஒரு பக்கம் சரியாக எரியவில்லை என்பதுதான் இதன் பொருள், பின்னால் வருகிறவருக்கு அது தெரிய வேண்டும்.

பட்டறைவாசி

நாற்பது வருஷமாக ஒயரிங் வேலை பார்க்கிறேன். தம்பி கறுப்புஒயர் எழுதியது எல்லாம் சரி. இன்னும் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்காக இரண்டு விஷயம்.

ஒன்று, மீட்டரின் பின்னால் ஸ்டெபிலைசர் என்று சின்னத் தகரப் பெட்டி இருக்கும் வண்டிகள் உண்டு. அது 12 வோல்ட்டை விட்டு விட்டு வெட்டி, சராசரியாக 10 வோல்ட் அளவுக்கு முள்களுக்குக் கொடுக்கும். அதன் உடம்புதான் அதற்கு எர்த். எர்த் விட்டுப்போனால் உள்ளே இருக்கும் சூட்டுக்கம்பி சூடாகாது, வெட்டு நின்றுவிடும், 12 வோல்ட்டும் நேராகப் போய் எல்லா முள்ளும் மேலே ஏறும். பெட்டியை மாற்றுவதற்கு முன் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைச் சுரண்டி இறுக்கிப் பாருங்கள்.

இரண்டு, 1960-களுக்கு முந்தைய பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் நிறைய உண்டு. அவற்றில் பாடியோடு சேர்ந்திருப்பது பேட்டரியின் பாசிட்டிவ். தொடுவதற்கு முன் பேட்டரி ஒயர் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட் வண்டியாக இருந்தால் 0.5 வோல்ட் விழுவது 12 வோல்ட் வண்டியில் 1 வோல்ட் விழுவதற்குச் சமம். அங்கே எர்த் இரட்டிப்பு சுத்தமாக இருக்க வேண்டும்.

பழையவண்டி

அளந்துவிட்டேன். என்ஜின் ஐட்லிங்கில், பேட்டரி நெகட்டிவ் கம்பத்துக்கும் மீட்டர் கறுப்பு ஒயருக்கும் நடுவில்:

எல்லாம் அணைந்து: 0.02
பார்க் லைட்: 0.11
ஹெட்லைட்: 0.92
ஹெட்லைட்டும் இண்டிகேட்டரும்: 0.92, 1.09, 0.92, 1.09 என்று துடிக்கிறது

செல்ஃப் எடுக்கும்போது என்ஜின் பிளாக்கில் 0.18.

அந்த எண் இண்டிகேட்டரோடு சேர்ந்து துடித்ததைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஒரு வருடமாக முள்ளைப் பார்த்துப் பார்த்துப் பயந்து, தண்ணீர் கொதிக்கிறதோ என்று நடுவழியில் நிறுத்தி பானெட்டைத் திறந்திருக்கிறேன்.

கறுப்புஒயர்

அருமையாக அளந்திருக்கிறீர்கள். என்ஜின் எர்த் நன்றாக இருக்கிறது. நீங்கள் தேட வேண்டியது மீட்டர், ஹெட்லைட், முன் இண்டிகேட்டர் மூன்றும் கூடுகிற போல்ட். மீட்டரின் எர்த் ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். ஜெர்மன் வண்டிகளில் எர்த் பழுப்பு நிறம், ஒயரிங் படத்தில் 31 என்ற எண். உங்களுடையது கறுப்பு என்கிறீர்கள். பெரும்பாலும் முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டு அட்டைக்குப் பின்னால் இருக்கும்.

ஹெட்லைட்டை ஐந்து நிமிடம் எரியவிட்டு அந்த போல்ட்டை விரலால் தொடுங்கள். 0.9 வோல்ட்டும் 9 ஆம்பியரும் சேர்ந்தால் 8 வாட் சூடு, அது அந்த ஒரே இடத்தில்தான் இறங்குகிறது.

நெடுஞ்சாலை

இவ்வளவு தேடுவதற்குப் பதில் மீட்டரிலிருந்து பேட்டரிக்கு நேராகப் புது எர்த் ஒயர் ஒன்று இழுத்துவிட்டால் முடிந்ததே?

கறுப்புஒயர்

மீட்டர் சரியாகிவிடும். ஆனால் கெட்ட போல்ட் கெட்டபடியே இருக்கும். ஹெட்லைட் தொடர்ந்து ஒரு வோல்ட் குறைவாகவே எரியும், இப்போது அதைக் காட்டிக்கொடுக்க மீட்டரும் இருக்காது. இன்னொரு ஆபத்தும் உண்டு. மீட்டரின் பழைய எர்த் ஒயரைக் கழற்றாமல் விட்டிருந்து, நாளைக்கு அந்த போல்ட் முழுவதுமாக விட்டுப்போனால், ஹெட்லைட்டின் 9 ஆம்பியரும் மீட்டருக்காக இழுத்த மெல்லிய ஒயரில் திரும்பி ஓடும். சோதிப்பதற்கு ஒயர் இழுங்கள், கட்டாயம் உதவும். அதையே வைத்தியமாக்கிவிட வேண்டாம்.

பழையவண்டி

கண்டுபிடித்துவிட்டேன்!

இடது பக்கம், கால் வைக்கும் இடத்தில், அட்டைக்குப் பின்னால். 10 மில்லிமீட்டர் ஸ்பேனர் போடுகிற போல்ட், அதில் மூன்று லக்குகள் (ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையங்கள்) ஒன்றின்மேல் ஒன்றாக. தொட்டேன், காய்ச்சல்காரர் நெற்றிபோல் வெதுவெதுப்பாக இருந்தது. சுற்றிலும் இருந்த மற்ற தகரம் குளிர்ந்திருந்தது.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு போல்ட்டை எடுத்தேன். கடைசி லக்கின் அடியில் வண்டியின் நிறத்திலேயே பளபளவென்று பெயிண்ட்! சில வருடங்களுக்கு முன் அந்தப் பக்கம் இடிபட்டு டிங்கர் வேலை செய்தது. பெயிண்ட் அடித்துவிட்டு அதன்மேலேயே லக்கை வைத்து முடுக்கியிருக்கிறார்கள். இத்தனை நாளும் கரண்ட் போல்ட்டின் மரை வழியாக மட்டும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மரையில் துருவும், லக்குகளுக்கு நடுவில் பச்சைக் களிம்பும்.

எப்படிச் சுத்தம் செய்வது? உப்புத்தாள் போதுமா?

பட்டறைவாசி

போதும் தம்பி. தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை தேயுங்கள், லக் உட்காரும் அகலத்துக்கு மட்டும். லக்குகளை இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். ஒயர் லக்குக்குள் நுழையும் இடத்தைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள், உறைக்குள் செம்பு கறுத்திருந்தால் அந்த அளவை வெட்டிவிட்டுப் புது லக் வைத்து நசுக்குங்கள். பல் வாஷர் போட்டால் அது தகரத்தைக் கடித்துக்கொண்டு நிற்கும். இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். முதலில் உலோகத்தோடு உலோகம், அப்புறம்தான் வாஸ்லின். மாற்றிச் செய்யாதீர்கள்.

மூன்று லக்கையும் ஒரே போல்ட்டில் அடுக்காமல் பக்கத்தில் இன்னொரு போல்ட் இருந்தால் ஹெட்லைட்டைப் பிரித்து அதில் போடுங்கள். மீட்டருக்குத் தனி இடம் கிடைக்கும்.

பழையவண்டி

செய்துவிட்டேன். ஹெட்லைட் போட்டால் இப்போது 0.04. இண்டிகேட்டர் போட்டாலும் 0.04. முள் அசையவில்லை. மீட்டர் எழுத்துகள் இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. ஹெட்லைட்டும் வெண்மையாகிவிட்டது.

ஆனால் பேட்டரி விளக்கு மட்டும் இன்னும் மங்கலாக எரிகிறது. ப்ளோயரை (உள்ளே காற்று வீசும் விசிறி) முழு வேகத்தில் வைத்தால் இன்னும் கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறது.

கறுப்புஒயர்

ப்ளோயர் விஷயத்தைச் சொன்னது நல்லதாயிற்று. அந்த விளக்கு மற்றவற்றைப் போல எர்த்தில் முடிவதில்லை. ஒரு பக்கம் இக்னிஷன் சப்ளை, மறுபக்கம் ஆல்டர்னேட்டர். சாவி போட்டதும் ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் சுருள் வழியாக எர்த் கிடைத்து எரிகிறது. சார்ஜ் ஆகத் தொடங்கினால் இரண்டு பக்கமும் ஒரே வோல்ட் வந்து அணைகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால்தான் மங்கலாக எரியும். ஆல்டர்னேட்டர் டயோடு கெட்டாலும் இப்படி வரும், ஆனால் உங்களுக்கு ப்ளோயரோடு கூடுகிறது. அதனால் முதலில் சப்ளை பக்கத்தைப் பாருங்கள். பேட்டரி பாசிட்டிவ் கம்பத்தில் ஒரு முனை, ஃபியூஸ் பெட்டியில் இக்னிஷனில் வரும் ஃபியூஸில் இன்னொன்று, ப்ளோயர் முழு வேகத்தில்.

புதுவெளிச்சம்

எல்லா மீட்டர் பல்பையும் எல்இடி ஆக்கிவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காதே?

கறுப்புஒயர்

வெளிச்சத்துக்குப் போடலாம். திருப்பிப் போட்டால் எரியாது, டிம்மரும் பழையபடி சீராகக் குறைக்காது. ஆனால் பேட்டரி விளக்கில் மட்டும் வேண்டாம். ஆல்டர்னேட்டர் முதலில் உயிர் பெறுவது அந்தப் பல்ப் வழியாகப் போகும் கரண்ட்டில்தான். எல்இடி அவ்வளவு கரண்டை விடாது. பிறகு என்ஜினை நன்றாக உறுமவிட்டால்தான் சார்ஜ் தொடங்கும், சில வண்டிகளில் அதுவும் நடக்காது.

பழையவண்டி

கறுப்புஒயர் சொன்னபடி சப்ளை பக்கம் அளந்தேன். 1.6 வோல்ட்!

ஸ்டீயரிங் கீழே மூடியைக் கழற்றிப் பார்த்தேன். இக்னிஷன் ஸ்விட்சின் கப்ளரில் ஒரு குழி மட்டும் பழுப்பேறி, பிளாஸ்டிக் சுருங்கியிருந்தது. உள்ளே இருந்த பெண் முனை தளர்ந்து, விரலால் தொட்டாலே ஆடியது. ப்ளோயர் கரண்ட் முழுவதும் அந்தத் தளர்ந்த முனை வழியாகத்தான் போயிருக்கிறது. புது முனை வைத்து நசுக்கி, கருகிய கப்ளரையும் மாற்றிவிட்டேன். இப்போது 0.2.

நேற்று இரவு இரண்டு மணி நேரம் ஓட்டினேன். ஹெட்லைட், ப்ளோயர், வைப்பர் எல்லாம் போட்டு, இண்டிகேட்டரையும் வேண்டுமென்றே அடிக்கடி போட்டுப் பார்த்தேன். பேட்டரி விளக்கு முழு இருட்டு. டெம்பரேச்சர் முள் பாதியில் நின்றது நின்றபடி.

இன்று காலை வாங்கி மாட்டிய மீட்டரைக் கழற்றிவிட்டு வண்டியோடு வந்த பழைய மீட்டரையே திரும்பப் பொருத்தினேன். கிலோமீட்டர் எண் என் அப்பா ஓட்டிய நாளிலிருந்து தொடர்கிறது.